கனத்த தந்திக்கு ஒரு பெட்டி

மின்சார பேஸ் கிடார் பரவலாகக் கடைக்கு வந்தது 1951-இல். அதைப் பெரிய மைதானத்தில் நெஞ்சில் மோதும்படி ஒலிக்கவைத்த பெட்டி வந்தது 1969-இல். நடுவே பதினெட்டு ஆண்டுகள் அந்த வாத்தியம் பெரும்பாலும் இரவல் குரலில்தான் பேசியது. வாங்கியவர்கள் கிடைத்த பெட்டியில் செருகினார்கள். ஸ்பீக்கர் கிழிந்தது. மாற்றினார்கள். மறுபடியும் கிழிந்தது. இன்றைக்கு மயிலாப்பூரில் ஒரு கல்லூரிப் பையன் பேஸ் வாங்கிவிட்டு, "ஆம்ப் அப்புறம் பாத்துக்கலாம்" என்று நண்பனின் கிடார் ஆம்ப்பை இரவல் வாங்கிச் செருகி, அது கரகரவென்று இருமுவதைக் கேட்டு முகம் சுளிக்கிறான் என்றால், அந்தப் பதினெட்டு ஆண்டுகளையும் அவன் ஒரே சாயங்காலத்தில் கடந்துகொண்டிருக்கிறான்.

கோளாறு இயற்பியலில் இருக்கிறது. கிடாரின் கனத்த தந்தி நொடிக்கு 82 முறை அதிரும். பேஸின் கனத்த தந்தி அதில் பாதி, 41. ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு ஸ்தாயி இறங்கி அதே அளவு சத்தம் தரவேண்டுமானால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். காதும் ஒத்துழைக்காது. தாழ்ந்த ஒலிகளை அது இயல்பாகவே குறைத்துத்தான் கேட்கும். போதாததற்குக் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சுற்றிவந்து சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். கிடார் ஆம்ப் பலவற்றின் முதுகு திறந்திருக்கும். கிடாருக்கு அது அழகு, பேஸுக்குச் சோகை. ஆகவே முதுகை அடைத்த பெட்டி வேண்டும், அல்லது கணக்குப் பார்த்துத் துளை விட்ட பெட்டி வேண்டும். அந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்தார். அதற்கு முன்னால் பெட்டி செய்தவர்களுக்குத் துணை தச்சுக் கையும் காதும்தான்.

இந்தக் கனத்த தந்திக்காரர்களைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்களில் ஒருவர் நியூயார்க் பக்கத்து எவரெட் ஹல். பியானோ வாசிப்பவர், டபுள் பேஸும் வாசிப்பவர். அவர் காலத்து நடனக் குழுக்களில் ட்ரம்பெட்டும் ட்ரம்ஸும் முழங்க, ஆளுயர டபுள் பேஸை அணைத்துக்கொண்டு நிற்பவர் என்ன வாசிக்கிறார் என்று அவருக்கே கேட்காது. டபுள் பேஸ் தரையில் ஓர் உலோகக் கம்பியில் ஊன்றி நிற்கும். ஹல் அந்தக் கம்பியின் மேல்நுனியில், வாத்தியத்தின் வயிற்றுக்குள் இருக்கும்படி ஒரு மைக்கைப் பொருத்தி, 1946-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆம்ப்ளிஃபைட் பெக் என்ற அந்த ஏற்பாட்டின் பெயரைச் சுருக்கித்தான் ஆம்பெக் நிறுவனம் வந்தது. கவனிக்க வேண்டியது: மின்சார பேஸ் சந்தையில் நிலைபெறும் முன்பே பேஸ் ஆம்ப் பற்றிய யோசனை வந்துவிட்டது.

லியோ ஃபெண்டர் வேறு வகை ஆள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாது, ஆனால் வாசிப்பவர்கள் புலம்புவதைக் கேட்கத் தெரியும். டபுள் பேஸைத் தூக்கிச் சுமக்க முடியவில்லை என்றார்கள். கிடார்போலத் தோளில் மாட்டும்படி, சுரஸ்தானம் தவறாதபடி கட்டை பதித்து, 1951-இல் பிரிஸிஷன் பேஸைச் செய்தார். (1930களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் இப்படி ஒன்றைச் செய்து, ஜோடியாக ஓர் ஆம்ப்பும் சேர்த்து விற்றார். வாங்கத்தான் ஆளில்லை. முதலில் செய்தவர் பெயர் நிற்பதும், விற்க முடிந்தவர் பெயர் நிற்பதும் வேறு வேறு.) அடுத்த ஆண்டே ஃபெண்டரின் பேஸ்மேன் என்ற ஆம்ப் வந்தது. 15 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் ஒன்று, 26 வாட். மெதுவாக வாசித்தால் இனிக்கும். ட்ரம்மர் கையை ஓங்கினால் அதற்கு மூச்சு வாங்கும்.

ஃபெண்டர் சும்மா இருக்கவில்லை. 1954 வாக்கில் ஒற்றை 15 அங்குலத்தை எடுத்துவிட்டு நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களை வைத்தார். இங்கேதான் கதை கோணலாகிறது. புதிய பெட்டியின் முதுகு திறந்தது. பேஸுக்கு அது சரிப்படவில்லை, ஆனால் கிடாரைச் செருகியவர்கள் சொக்கிப்போனார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டன் ஹான்வெல்லில் வாத்தியக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், தன் கடை ஆட்களோடு சேர்ந்து பேஸ்மேனின் சுற்றைப் பார்த்துச் செய்த ஆம்ப்தான் முதல் மார்ஷல். ராக் இசையின் கிடார்ச் சத்தம் என்று உலகம் இன்று எதைச் சொல்கிறதோ அதற்கு மூலம் பேஸ்காரனுக்காகச் செய்த பெட்டி. பேஸ்காரன் மறுபடியும் வெறுங்கையோடு நின்றான்.

லிவர்பூலில் என்ன செய்தார்கள் என்பதும் சுவாரசியம். 1961-இல் ஹாம்பர்கில் ஹோஃப்னர் வயலின் பேஸை வாங்கிய பால் மெக்கார்ட்னிக்குச் சரியான ஆம்ப் அமையவில்லை. தி பிக் த்ரீ என்ற உள்ளூர்க் குழுவின் கிடார்காரர் ஏட்ரியன் பார்பர் 15 அங்குல ஸ்பீக்கர் வைத்து உயரமாக ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார். வடிவத்தைப் பார்த்து எல்லாரும் அதைச் சவப்பெட்டி என்றார்கள். நான்கு வருடம் கழித்து, 1965-இல், நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்களைக் கொடுத்திருந்தது. ரசிகர்களின் கூச்சலில் அவற்றின் ஒலியும் கரைந்துபோனது.

நடுவில் ஒரே ஒரு பெட்டி மட்டும் தப்பில்லாமல் அமைந்தது. 1960-இல் ஆம்பெக்கில் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, முழுக்க அடைத்துக் கணக்காகத் துளை விட்ட பெட்டி, மேலே ஆம்ப்பின் தலை. வேலை முடிந்ததும் தலையைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள் இறக்கிப் பூட்டிவிடலாம். 25 வாட்தான், ஆனால் அந்த 25 வாட்டும் சுத்தம். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்புகளில் இதைத்தான் வைத்திருந்தார். ஸ்டூடியோவில் அவர் பேஸை நேராகப் பதிவுப் பலகையிலேயே செருகுவார். பதிவுக்குப் பெட்டி தேவையில்லை, மேடைக்குத்தான் தேவை என்ற பிரிவு அப்போதே தொடங்கிவிட்டது. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுகளிலும் இன்று டி.ஐ. என்ற சின்ன இணைப்புக் கருவி வழியே நேராகப் பலகைக்குப் போவது சாதாரணம்.

ஹல்லுக்கு ராக் இசை பிடிக்காது. தன் ஆம்ப்கள் உறுமக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் அங்கிருந்து எஸ்.வி.டி. வந்தது. 300 வாட், 14 வால்வுகள், தலை மட்டுமே 36 கிலோவுக்கு மேல். ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையேறியது. அதற்கு ஜோடியாக ஆளை மறைக்கும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், இரண்டிரண்டாக நான்கு அறைகளில் அடைபட்டவை. பேஸுக்குப் பெரிய கூம்புதானே வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு இது புதுக் கணக்கு. எட்டுச் சின்னக் கூம்புகளின் பரப்பைக் கூட்டினால் மூன்று 15 அங்குலத்தைத் தாண்டும். ஒவ்வொரு கூம்பும் கொஞ்சமாக அசைந்தால் போதும், கிழியாது.

இந்தப் பெட்டியின் விவரத்தாளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி சரியத் தொடங்குகிறது. பேஸின் கனத்த தந்தி 41 என்று பார்த்தோம். பேஸ் பெட்டிகளின் ராஜா என்று கொண்டாடப்படுவதே அந்தத் தந்தியின் அடிச்சுரத்தை முழுதாகக் கொடுப்பதில்லை. ஆனால் ஐம்பது வருடமாக ஒருவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. காரணம் நம் காது. ஒரு தந்தியை மீட்டினால் 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். மடங்குகள் ஒழுங்காக வந்துவிட்டால், அடியில் இருக்க வேண்டியதை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் என்று நாம் அனுபவிப்பதில் பெரும்பங்கு நடுப்பகுதியிலிருந்து வருவதுதான்.

இதைச் சென்னைக்காரர்கள் ஆம்ப் இல்லாமலே கற்றுக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

எஸ்.வி.டி. மேடையேறிய அதே 1960களின் இறுதியில் பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த ஓர் இளைஞர் மயிலாப்பூர் சாயி லாட்ஜில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்கச் சேர்ந்தார். கிடார் பழகினார், ட்ரினிட்டி தேர்வு எழுதினார், ஜெர்மன் இசைமேதை பாகின் எதிரிசை நுட்பங்களைக் கற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் செய்ததை அதற்கு முன் தமிழ்ப் பாட்டில் பேஸ் செய்ததில்லை. தாளத்தோடு சேர்ந்து 'தும் தும்' என்று அடிச்சுரத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கும் வேலையை அது விட்டுவிட்டது. பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் இன்னொரு மெட்டைக் கட்டிக்கொண்டு வேறு வழியில் நடந்து பல்லவி முடியும் இடத்தில் வந்து கைகோக்கும். 'மூடுபனி', 'நினைவெல்லாம் நித்யா' பாடல்களை பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர். அந்த பேஸ் வரிகளைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பித்தவரின் கையில் பேஸ் வெறும் அஸ்திவாரமாக இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதையெல்லாம் தமிழ்நாடு எதில் கேட்டது? மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையில் இருக்கும் வானொலி நிலையத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்ததை, டீக்கடை மரப்பலகையில் உட்கார்ந்திருந்த டிரான்ஸிஸ்டரில் கேட்டது. பிறகு டேப் ரிகார்டரில் கேட்டது. மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கர்கள். அவற்றிலிருந்து 41 ஹெர்ட்ஸ் வராது, 82-உம் சரியாக வராது. ஆனாலும் அந்த பேஸ் வரிகளை மனப்பாடமாக முணுமுணுப்பவர்கள் இன்றும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பேஸ் கீழேயே படுத்துக் கிடக்காமல் கழுத்தில் மேலேறி மெட்டாக நகர்ந்தது. மெட்டாக நகர்ந்ததால் அதன் நடுப்பகுதி அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் தப்பி வெளியே வந்தது, மிச்சத்தைக் காது நிரப்பிக்கொண்டது. டீக்கடை ரேடியோவை நினைத்து இளையராஜா அப்படி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எழுதியது அங்கே பிழைத்தது என்கிறேன். உலகம் 300 வாட்டில் தேடியதை நாம் அரை வாட்டில் கேட்டுவிட்டோம்.

மேடைதான் திண்டாடியது. மெல்லிசைக் குழுக்களின் பொற்காலம் அது. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காமராஜர் அரங்கம் என்று ஓடிக்கொண்டே இருந்தார்கள். பாடகருக்கு மைக் உண்டு, அஹூஜா ஸ்பீக்கர் உண்டு. பேஸுக்கென்று தனிப் பெட்டி ஆடம்பரம். 1991 தாராளமயத்துக்கு முன் வெளிநாட்டு ஆம்ப் என்றால் சுங்கவரியே வாத்தியத்தின் விலையைத் தொடும் காலம். யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்தது 110 வோல்ட்காரன். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி நடுவே வைக்க வேண்டும்.

கரண்ட் என்றதும் ஒரு கிளைக்கதை. எர்த் சரியாக இல்லாத மண்டபத்தில் ஆம்ப்பை ஆன் செய்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருமே, அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். பேஸில் கனத்த தந்தியின் மூன்றாம் கட்டையில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது சென்னையில் ஜி-யில் அமைந்த பாட்டுக்கு மண்டபத்துச் சுவரே கொஞ்சம் உயர்ந்த சுருதியில் தம்புரா போடும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே அது ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் அனாதையாக நிற்கும். இரைச்சலை நிறுத்த எலெக்ட்ரீஷியனைத் தேடுங்கள். ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைத்தால் இரைச்சலோடு பேஸும் போய்விடும்.

1992-இல் கோடம்பாக்கம் பஞ்சதன் ஸ்டூடியோவில் உருவான 'ரோஜா'வோடு காட்சி மாறியது. ஏ.ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரின் மாணவர்தான். ஆனால் அவருடைய ஒலியில் அடிப்பகுதிக்குத் தனி மாளிகையே இருந்தது. கீத் பீட்டர்ஸின் பேஸ் கிடார் ஒருபக்கம், சிந்தசைசர் பேஸ் இன்னொரு பக்கம். 'காதலன்' பாடல்கள் வந்த 1994 வாக்கில் சின்ன ஸ்பீக்கரை ஏமாற்றி அனுப்ப முடியாத இசை வந்துவிட்டது. கார்களின் டிக்கியில் சப்வூஃபர் ஏறியது. ஐந்து தந்தி பேஸ் பரவலானது. அதன் கூடுதல் தந்தி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இறக்குமதிக் கதவும் திறந்திருந்ததால், அண்ணா சாலையில் 1842-இலிருந்து இருக்கும் மியூஸி மியூஸிகலிலும் மற்றக் கடைகளிலும் பேஸ் ஆம்ப் என்ற தனி இனம் கண்ணில் படத் தொடங்கியது. அடையாற்றில் அன்வைண்ட் சென்டர் போன்ற இடங்களிலும் ஐ.ஐ.டி.யின் சாரங் விழா மேடையிலும் கல்லூரி ராக் குழுக்கள் வாசித்தபோது, பேஸுக்குத் தனிப் பெட்டி என்பது சாதாரண எதிர்பார்ப்பாகிவிட்டது.

ஆனால் சென்னையில் ஒரு பேஸ் பெட்டியின் தகுதியை முடிவுசெய்வது வாட்டோ அங்குலமோ கிடையாது. அது ஆட்டோவில் ஏறுமா என்பதுதான். எட்டு ஸ்பீக்கர் பெட்டி நான்கடி உயரம், ஏறக்குறைய 63 கிலோ. குட்டி யானை வேன் பிடிக்க வேண்டும், ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும், மாடி வீட்டில் லிஃப்ட் இல்லாவிட்டால் நட்பே முறியும். ஆகவே அது வாடகைக்காரர்களின் சொத்து. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக் கச்சேரியில் பின்னால் நிற்கும், நிகழ்ச்சி முடிந்ததும் லாரியில் போய்விடும். சொந்தமாக வாங்குபவரின் கதையை மாற்றியவை இரண்டு. நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் எடையைக் குறைத்தது. டி வகுப்பு மின்சுற்று தலையின் எடையைக் குறைத்தது. இத்தாலியின் மார்க்பேஸ் 500 வாட் தலையை மூன்று கிலோவுக்குள் கொடுத்தபோது, எஸ்.வி.டி.யின் 36 கிலோவைச் சுமந்து முதுகு வளைந்தவர்கள் நம்பவில்லை. இப்போது ஒரு 12 அங்குலப் பெட்டியைக் கையிலும் தலையைத் தோள்பையிலும் மாட்டிக்கொண்டு அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்குக் கச்சேரிக்குப் போய்விடலாம்.

இனி ஜோடி சேர்க்கும் விஷயம். இங்கேதான் கடைகளில் அதிகம் குழப்புகிறார்கள். முதலில் ஓம். பெட்டியின் முதுகில் 8 ஓம் அல்லது 4 ஓம் என்று அச்சிட்டிருக்கும். மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாயில் வரும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குழாயைத் திறந்தால் தடை பாதியாகிறது, தொட்டி இரண்டு மடங்கு வேகமாகக் காலியாகிறது. 8 ஓம் பெட்டி இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் தலைக்குத் தெரிவது 4 ஓம். பெரும்பாலான டிரான்ஸிஸ்டர் தலைகள் 4 ஓம் வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் கொதிக்கும், அணையும், சில சமயம் புகையும். எனவே முதல் பெட்டியை 4 ஓமில் வாங்காதீர்கள், 8 ஓமில் வாங்குங்கள். நாளைக்கு இன்னொன்று சேர்க்க இடம் இருக்கும். "4 ஓம்ல வாங்கினா முழு வாட்டும் கெடைக்கும் சார்" என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். 500 வாட் தலை 8 ஓமில் ஏறக்குறைய 300-தான் தரும். ஆனால் 300-க்கும் 500-க்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம் அற்பம். வாட் இரண்டு மடங்கானால் மூன்று டெசிபல்தான் ஏறும். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். அதைவிட இரண்டாவது பெட்டி ஒன்றைச் சேர்த்தால் காற்றை அசைக்கும் பரப்பே இரண்டு மடங்காகிறது. அந்த வித்தியாசம் ட்ரம்மருக்கே தெரியும்.

வால்வுத் தலை வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. பெட்டி இணைக்காமல் அதை ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும், ஓம் பொத்தானும் பெட்டியோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கருக்கு கிடார் கேபிளைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி ஜாக்தான், ஆனால் உள்ளே கம்பி மெலிசு. அந்தக் குழப்பம் தீரத்தான் திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் வந்தது.

பிறகு, எந்தப் பெட்டிக்கு எந்தக் கிடார். அடைத்த பெட்டியில் 10 அங்குலக் கூம்புகள் சுருக்கென்று பேசும். விரலால் வேகமாக வாசிப்பவருக்கு, கட்டைவிரலால் அறைந்து வாசிப்பவருக்கு அது தோது. 15 அங்குலத்துக்கு 'மந்தம்' என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. அது பெட்டியின் கணக்கைப் பொறுத்தது, கூம்பின் அளவைப் பொறுத்ததில்லை. பி-15 மந்தமாக ஒலித்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிரிஸிஷன் வகைக் கிடாரில் நடுப்பகுதி தானாகவே தடித்திருக்கும். எந்தப் பெட்டியில் போட்டாலும் கூட்டத்தில் தொலையாது. ஜாஸ் பேஸ் வகைக்கு இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதியில் ஒரு பள்ளம் விழும். தனியாக வாசிக்கும்போது தேன், குழுவில் காணாமல் போகும். அதை ட்வீட்டர் உள்ள பளபளப்பான பெட்டியில் போட்டால் இன்னும் காணாமல் போகும். உள்ளே பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ்கள், 'அன்னக்கிளி' வந்த அதே 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பரவலாக்கிய வழி, தலையின் வாசலிலேயே அதிகச் சத்தத்தோடு வந்து நிற்கும். இன்புட் குமிழைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். ஐந்து தந்திக்காரர்கள் 31 ஹெர்ட்ஸைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். அந்தத் தந்தியின் 62-உம் 93-உம் தெளிவாக வந்தால் போதும். அதற்கும் கீழே இருப்பதை வடிகட்டிவிட்டால் கூம்பு வீணாகக் குதிக்காது, அதே வாட்டில் இன்னும் சத்தமாக வாசிக்கலாம். தலையில் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் அதைத் தொட அஞ்சாதீர்கள்.

சபாக்களில் வாசிக்க நேர்ந்தால் இன்னொரு தலைவலி. தியாகராய நகர் வாணி மகாலோ மயிலாப்பூர்ப் பக்கத்து அரங்கங்களோ, அவற்றின் ஒலி அமைப்பு பாட்டுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பழகியது. ஃப்யூஷன் கச்சேரி என்று பேஸைக் கொண்டுபோய் மரமேடையில் பெட்டியை வைத்தால் மேடையே இன்னொரு கூம்பாகி உறுமும். முதலில் பாதிக்கப்படுபவர் மிருதங்க வித்வான். அவருடைய தொப்பி ஒலியும் பேஸும் ஒரே தெருவில் குடியிருப்பவை. பெட்டியை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, 80-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்து, 400 பக்கம் கொஞ்சம் கூட்ட வேண்டும். தொப்பிக்கு இடம் கிடைக்கும், பேஸின் மெட்டும் கடைசி வரிசை வரை போய்ச் சேரும்.

காதில் செருகும் மானிட்டர் வந்த பிறகு பெரிய மேடைகளில் பெட்டியே வேண்டாம் என்கிறார்கள். டி.ஐ. போதும், மொபைல் அளவுள்ள கருவி பி-15 போலவும் எஸ்.வி.டி. போலவும் பாசாங்கு செய்துவிடும். பாசாங்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் ஒரே குறை: வாசிப்பவரின் காலில் அதிர்வு தெரியாமல் போனால் அவர் ட்ரம்ஸோடு ஒட்டாமல் நழுவத் தொடங்குகிறார். அதனால்தான் காதில் மானிட்டர் மாட்டிக்கொண்டவர்களிலும் பலர் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குப் பெரிய பெட்டி வேண்டியதில்லை. மந்தைவெளி அடுக்ககத்தில் ஆம்ப்பும் 8 அங்குல ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள சின்ன காம்போவே சுவரைத் தாண்டிப் போகும். தாழ்ந்த ஒலிக்குச் செங்கல் ஒரு பொருட்டில்லை. ஹெட்ஃபோன் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பக்கத்து வீட்டு மாமியோடு உறவு நிலைக்கும். கச்சேரிக்கென்று பணம் சேர்ந்த பிறகு, மொத்தத்தில் பெரும்பங்கைப் பெட்டிக்குக் கொடுங்கள், அடுத்தது தலைக்கு. கைவசம் உள்ள பேஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். குமிழ்களை எல்லாம் நடுவில் வைத்து, மெட்டுள்ள ஒரு பேஸ் வரியைப் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள்.  பக்கத்தில் நின்றால் காலுக்குத்தான் கேட்கும். கடைக்காரர் பேஸ் குமிழை முழுக்கத் திருகி 'பாருங்க சார், எப்படி அதிருது' என்று காட்ட வந்தால், அதைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.